பெட்டி மாறும் முன் 'சார்ஜ் லிஸ்ட்' எழுதுங்கள்!

வீட்டு சர்வரைப் புதுப்பிக்கும்போது படமும் பத்திரமும் செட்டிங்கும் தப்புவது எப்படி?

ஊர் விட்டு ஊர் வந்து பிழைக்கும் குடும்பத்துக்குக் காகிதம்தான் வேர். பிறப்புச் சான்று ஓர் ஊரில் வாங்கியதாக இருக்கும். பள்ளிச் சான்று வேறு ஊரில் வாங்கியதாக இருக்கும். நிலப் பத்திரம் மூன்றாவது ஊரில் பதிவாகி இருக்கும். ஒன்று தொலைந்தால், அதை மறுபடி வாங்க எந்த மாநிலத்தில் எந்த ஆபீசுப் படியேறுவது என்று தேடுவதற்கே பாதி லீவு தீர்ந்துவிடும்.

சித்தூர் மாவட்டத்தின் எல்லையோரத்தில் உள்ள குடுபல்லியை எடுத்துக்கொள்வோம். ஜோலார்பேட்டையில் இருந்து பெங்களூர் செல்லும் ரெயில் பாதையில், குப்பத்துக்கு அடுத்த ஸ்டேஷன் அது. ஆந்திர மண்; ஆனால் கர்நாடகம் கூப்பிடு தூரம், தமிழ்நாடும் தொலைவில் இல்லை. தெலுங்கு, தமிழ், கன்னடம் மூன்றும் சந்தையில் கலந்து ஒலிக்கும் வட்டாரம். விடிவதற்குள் எழுந்து, ரெயில் பிடித்து, பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு இரவு வீடு திரும்புகிறவர்கள் இந்தப் பாதை நெடுகிலும் உண்டு.

இப்படிப்பட்ட வட்டாரத்தில் ஒரே வீட்டு பீரோவில் மூன்று மொழிக் காகிதங்கள் இருப்பது அதிசயமல்ல. ஆந்திர நிலத்துக்குப் பட்டாதார் பாஸ்புத்தகம் தெலுங்கில் இருக்கும். தமிழ்நாட்டுப் பூர்வீக நிலத்தின் பட்டா தமிழில் இருக்கும். கோலார் பக்கம் நிலம் இருந்தால் அதன் 'பஹணி' கன்னடத்தில் இருக்கும். தாத்தா தங்கவயல் சுரங்கத்தில் உழைத்தவர் என்றால் அவருடைய சர்வீஸ் காகிதமும் இருக்கும். கோலார் தங்கவயல் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-ந் தேதி மூடப்பட்டன. கம்பெனி கதவை மூடிய பிறகு, தொழிலாளியின் வீட்டில் கிடக்கும் ஒரு துண்டுக் காகிதத்துக்கும் மதிப்பு ஏறிவிடுகிறது.

முன்பு இவை எல்லாம் டிரங்குப் பெட்டியில் இருந்தன. இன்று பல வீடுகளில் இவற்றைப் படம் பிடித்து கம்ப்யூட்டரிலும் ஏற்றி வைக்கிறார்கள். கல்யாண வீடியோ, பாட்டியின் கடைசிப் படம், பிள்ளைகளின் மார்க் ஷீட் எல்லாம் சேர்ந்து பெருகும்போது, சிலர் அதற்கென்றே வீட்டில் ஒரு சிறு சர்வர் வைத்துக்கொள்கிறார்கள். வைத்து ஐந்தாறு வருஷம் ஆனதும், பெட்டி பழசாகிறது; இடம் போதவில்லை; வேகம் குறைகிறது. "புதுசு மாற்றிவிடலாம்" என்று வீட்டில் பேச்சு வருகிறது. ஆபத்தும் அந்தப் பேச்சோடுதான் வருகிறது.

வீட்டு சர்வர் என்பது என்ன?

பார்வைக்கு அது ஒரு சின்ன ரொட்டிப் பெட்டி அளவே இருக்கும். உள்ளே இரண்டோ நான்கோ ஹார்ட் டிஸ்குகள், ஒரு சிறு மூளை, கொஞ்சம் மெமரி. பின்னால் இருந்து ஒரு கேபிள் வைஃபை ரவுட்டருக்குப் போகும். வீட்டில் உள்ள எல்லா போன்களும், கம்ப்யூட்டர்களும் அதில் படம் போடலாம், எடுக்கலாம். தைவான் நாட்டுக் கம்பெனிகளான சைனாலஜி, க்யூநேப் ஆகியவை இத்தகைய பெட்டிகளை விற்கின்றன. ஆபீசில் கழித்துவிட்ட பழைய கம்ப்யூட்டரை வாங்கி, ட்ரூநாஸ், ஓப்பன் மீடியா வால்ட், அன்ரெய்டு போன்ற மென்பொருள்களில் ஒன்றைப் போட்டு, தாமே சர்வர் ஆக்கிக்கொள்கிறவர்களும் உண்டு.

ஒரு டெராபைட் டிஸ்கில் எவ்வளவு கொள்ளும்? போனில் எடுக்கும் ஒரு படம் 4 மெகாபைட் என்று வைத்தால், இரண்டரை லட்சம் படங்கள் கொள்ளும். ஐ.பி.எம். கம்பெனி 1956-ம் ஆண்டில் முதல் முதலாக டிஸ்க் சேமிப்பு எந்திரத்தை வெளியிட்டபோது, 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள் அடுக்கி, அதில் 50 லட்சம் எழுத்துகளைத்தான் வைக்க முடிந்தது. இன்றைய கணக்கில் ஒரு போட்டோ அளவு! இன்று ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறை உள்ளங்கையில் அடங்குகிறது. உள்ளங்கையில் அடங்குவது உள்ளங்கையில் இருந்து நழுவவும் கூடும்.

டிஸ்க் வேறு, செட்டிங் வேறு

அரசு ஆபீசில் ஒரு குமாஸ்தா மாற்றலாகிப் போகிறார். அவர் பாட்டுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட முடியுமா? முடியாது. எந்த பீரோவில் எந்த பைல், எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு, நிலுவையில் உள்ள தபால் எத்தனை என்று 'சார்ஜ் லிஸ்ட்' எழுதவேண்டும். வருகிறவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும். அதன் பிறகே இவர் விடுவிக்கப்படுவார். பைல்கள் எல்லாம் அப்படியே இருந்தாலும், அந்த லிஸ்ட் இல்லாவிட்டால் புதிதாக வருகிறவர் ஒரு மாதம் திண்டாடுவார்.

வீட்டு சர்வரிலும் இதே கதைதான். டிஸ்கில் உள்ள படமும் பத்திரமும் பைல்கள். யார் யாருக்குக் கணக்கு உண்டு, அவரவர் பாஸ்வேர்டு என்ன, எந்த போல்டரை யார் திறக்கலாம், இரவு எத்தனை மணிக்கு நகல் எடுக்கவேண்டும், வீட்டு நெட்வொர்க்கில் பெட்டியின் முகவரி என்ன என்பதெல்லாம் செட்டிங். இதுதான் சார்ஜ் லிஸ்ட். பலர் பைல்களைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். லிஸ்டை மறந்துவிடுகிறார்கள்.

மறந்தால் என்ன ஆகும்? ஓர் உதாரணம். அப்பா, மகன், மகள் என்று மூன்று பேருக்குக் கணக்கு உள்ள ஒரு பெட்டி. இத்தகைய பெட்டிகளில் பெரும்பாலானவை லினக்ஸ் வகையைச் சேர்ந்தவை. அவை ஒரு பைல் இன்னாருடையது என்பதைப் பெயரால் குறித்து வைப்பதில்லை, நம்பரால் குறிக்கின்றன. அப்பா 1001, மகன் 1002, மகள் 1003 என்று வையுங்கள். புதுப் பெட்டியில் பழைய லிஸ்டைப் போடாமல், மகன் கணக்கை முதலில் திறந்துவிட்டால் அவர் 1001 ஆகிவிடுவார். அப்பாவின் பத்திரங்கள் மகன் பெயரில் திறக்கும். அப்பா தட்டினால் "அனுமதி இல்லை" என்று பெட்டி சொல்லும். பைல் ஒன்றுகூட அழியவில்லை. ஆனாலும் வீடு அல்லோலகல்லோலப்படும். அந்தப் பதற்றத்தில் யாராவது கண்ட பொத்தானை அமுக்கினால், அப்போதுதான் உண்மையான அழிவு நேரும்.

முகவரி விஷயமும் இப்படியே. ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் கதவு எண் போல ஓர் ஐ.பி. நம்பர் கொடுக்கிறது. கருவியின் நெட்வொர்க் பகுதியில் பதிந்துள்ள அடையாள நம்பரைப் பார்த்துத்தான் அதைக் கொடுக்கிறது. மதர்போர்டு மாறினால் அந்த அடையாளம் மாறும். கதவு எண்ணும் மாறக்கூடும். பெங்களூரில் இருக்கும் மகனின் போன் பழைய கதவையே தட்டிக்கொண்டிருக்கும். "எல்லாம் போச்சு!" என்று அலற வேண்டாம். ரவுட்டரில் புதிய அடையாளத்துக்குப் பழைய கதவு எண்ணையே ஒதுக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் பழைய எண் என்ன என்று எங்காவது எழுதி வைத்திருக்கவேண்டும்.

எது பழுது? முதலில் அதைப் பாருங்கள்

பெட்டி உயிர் இழந்துவிட்டது என்று எண்ணிப் புதுசு வாங்கப் புறப்படும் முன், வெளியே தொங்கும் அடாப்டரைச் சோதிப்பது நல்லது. சின்னப் பெட்டிகளில் முதலில் போவது பெரும்பாலும் அதுதான். மின்சாரம் ஏறி இறங்கும் ஊர்களில் சொல்லவே வேண்டாம். அதே வோல்ட்டேஜ், அதே அல்லது கூடுதல் ஆம்பியர் உள்ள சரியான அடாப்டர் மாற்றினால் வேலை முடிந்தது. செட்டிங் எதுவும் மாறாது.

விசிறி மாற்றுவது, மெமரி கூட்டுவது, பவர் சப்ளை மாற்றுவது ஆகியவையும் அப்படியே. இவற்றுக்கும் செட்டிங்குக்கும் சம்பந்தம் இல்லை. பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலோ, சென்னை ரிட்சி தெருவிலோ இந்தச் சாமான்கள் கிடைக்கும். ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு வேண்டும். பெட்டியைக் கடைக்குக் கொண்டுபோகும்போது டிஸ்குகளை எண்ணிட்டுக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடவேண்டும். அடாப்டர், விசிறி, பவர் சப்ளை பழுதைப் பார்க்க டிஸ்க் தேவையில்லை. "பார்மேட் பண்ணிக் கொடுத்திருக்கேன் சார், இப்போ புதுசு மாதிரி ஓடும்" என்று சொல்லும் கடைப்பையன் மீது அப்புறம் கோபப்பட்டுப் பயன் இல்லை.

இடம் போதவில்லை என்பது மட்டுமே குறை என்றால் பெட்டியை மாற்றவேண்டியதில்லை. டிஸ்கை மாற்றினால் போதும். இரண்டு டிஸ்கிலும் ஒரே விஷயம் எழுதப்படும் ஜோடி அமைப்பு என்றால், ஒன்றைக் கழற்றிப் பெரிய டிஸ்க் போடவேண்டும். பழைய டிஸ்கில் உள்ளதைப் பெட்டி புதியதில் எழுதி முடிக்கும் வரை காத்திருந்து, பிறகே இரண்டாவதைத் தொடவேண்டும். அவசரம் கூடாது. வினாடிக்கு 150 மெகாபைட் எழுதினால்கூட, 8 டெராபைட் எழுதி முடிக்க சுமார் 15 மணி நேரம் ஆகும். அத்தனை நேரமும் குடும்பத்தின் படங்கள் ஒற்றை டிஸ்கை நம்பித்தான் இருக்கும். நடுவில் கரண்ட் போனால்? ஆகவே யு.பி.எஸ். இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கக்கூடாது.

டிஸ்க் வாங்கும்போது "சி.எம்.ஆர். வகையா?" என்று கேட்டு வாங்கவேண்டும். எஸ்.எம்.ஆர். என்னும் வகையில் பதிவுத் தடங்கள் ஓடு வேய்ந்தது போல ஒன்றன்மேல் ஒன்று ஏறி இருக்கும். ஒன்றைத் திருத்தினால் பக்கத்தில் உள்ளதையும் திருப்பி எழுதவேண்டும். ஜோடி சேர்க்கும் வேலையில் இது திணறும். சர்வருக்கென்று விற்ற சில டிஸ்குகளிலும் இந்த வகை இருந்தது 2020-ல் தெரியவந்து, பெரிய சர்ச்சை ஆயிற்று.

சாவிக்கொத்து எங்கே இருக்கிறது?

முழுப் பெட்டியையும் மாற்றும்போதுதான் அசல் பரீட்சை. செட்டிங் என்னும் சாவிக்கொத்தை ஒவ்வொரு வகைப் பெட்டியும் ஒவ்வோர் இடத்தில் வைத்திருக்கிறது. அது எங்கே என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

சைனாலஜி பெட்டியில் இயங்கும் மென்பொருளும் செட்டிங்கும் டிஸ்குகளிலேயே ஒரு சிறு பகுதியில் நகல் நகலாக எழுதப்பட்டிருக்கும். ஆகவே பழைய டிஸ்குகளை அதே வரிசையில் பொருத்தமான புது மாடலில் மாட்டினால், வேறு பெட்டியில் இருந்து வந்த டிஸ்க் என்று அது கண்டுகொள்ளும். "குடிபெயர்க்கவா?" என்று கேட்கும். 'மைக்ரேட்' என்ற சொல்லைப் பார்த்து அதைத் தேர்ந்தெடுத்தால் டேட்டாவும், பெரும்பாலான செட்டிங்கும் பிழைக்கும். பழைய பெட்டியின் மென்பொருளை முன்கூட்டியே புதுப்பித்துக்கொள்வதும், அந்த மாடலில் இருந்து இந்த மாடலுக்கு மாறலாமா என்று கம்பெனியின் பட்டியலில் பார்த்துக்கொள்வதும் அவசியம். செட்டிங்கைத் தனிப் பைலாக இறக்கி வைக்கும் வசதியும் உண்டு. அந்தப் பைலில் படங்கள் இருக்காது என்பதை மறக்கக்கூடாது.

ட்ரூநாஸ் வேறு விதம். 2005-ல் பிரீநாஸ் என்ற பெயரில் பிறந்து, 2020-ல் பெயர் மாறிய மென்பொருள் இது. இதில் மென்பொருள் தனி டிஸ்கில் இருக்கும். படங்கள் வேறு டிஸ்குகளில் இருக்கும். செட்டிங் முழுவதும் ஒரே பைலில் அடங்கும். அதை இறக்கும்போது, பாஸ்வேர்டுகளுக்கான ரகசிய விதையையும் சேர்க்கவா என்று கேட்கும். சேர்க்கவேண்டும். இல்லாவிட்டால் புது இடத்தில் சில பாஸ்வேர்டுகள் உயிர் பெறாது. புது கம்ப்யூட்டரில் மென்பொருளைப் போட்டு, பழைய டிஸ்குகளை மாட்டி, செட்டிங் பைலை ஏற்றினால் பழைய வீடு அப்படியே எழும். செட்டிங் பைல் கையில் இல்லாவிட்டாலும் படங்களை மீட்கலாம். அப்போது அமுக்கவேண்டியது 'இம்போர்ட்'. 'கிரியேட்' என்பதை அமுக்கினால் பழையதை அழித்துப் புதுசு கட்டும். ஒரு சொல் வித்தியாசம். ஒரு குடும்பத்தின் சரித்திரம்!

அன்ரெய்டு என்னும் மென்பொருளோ, பல ஆண்டுகளாக ஒரு பென் டிரைவில் இருந்தே இயங்கி வந்துள்ளது. செட்டிங்கும் லைசென்சும் அதில்தான் இருக்கும். டிஸ்குகளை அவற்றின் சீரியல் நம்பரைக் கொண்டு அடையாளம் காண்கிறது. பென் டிரைவையும் டிஸ்குகளையும் புது எந்திரத்தில் மாட்டினால், அநேகமாக விட்ட இடத்தில் இருந்து ஓடும். ஆகவே அந்தப் பென் டிரைவுக்கு ஒரு நகல் எடுத்து வைப்பதே முதல் வேலை.

ஓப்பன் மீடியா வால்ட் மென்பொருளில் செட்டிங் பைலை மட்டும் புதிதாக நிறுவிய இடத்தில் ஏற்றுவது நம்பத்தக்க வழி அல்ல. மென்பொருள் உள்ள டிஸ்கை முழுசாக நகல் எடுத்து மாற்றுவதே மேல். நெட்வொர்க் பகுதியின் பெயர் மட்டும் மாறலாம். அதை மறுபடி அமைக்கவேண்டும்.

மிகவும் எச்சரிக்கை தேவைப்படுவது, டிஸ்குகளை ஒரு தனிக் கார்டு மூலம் இணைத்துள்ள பழைய ஆபீசு சர்வர்களில். அந்தக் கார்டு எழுதும் கணக்கு அதே இனத்துக் கார்டுக்குத்தான் புரியும். கார்டை வேறு இனத்துக்கு மாற்றினால் டிஸ்குகள் 'காலி' என்று காட்டும், "இனிஷியலைஸ் செய்யவா?" என்று கேட்கும். அங்கே "ஆம்" என்பது கொள்ளி வைப்பதற்குச் சமம்.

விண்டோஸ் கம்ப்யூட்டரையே சர்வராக வைத்திருப்பவர்கள் பிட்லாக்கர் பூட்டு போடப்பட்டுள்ளதா என்று பார்த்துக்கொள்ளவேண்டும். மதர்போர்டு மாறினால் அது 48 இலக்க மீட்பு நம்பரைக் கேட்கும். அந்த நம்பர் இல்லாவிட்டால் டிஸ்க் வெறும் இரும்புதான்.

ரெய்டு இருக்கிறதே என்ற அலட்சியம்

இது வருமான வரிக்காரர்கள் நடத்தும் ரெய்டு அல்ல! பல டிஸ்குகளைச் சேர்த்து, ஒன்று கெட்டாலும் மற்றது காப்பாற்றும்படி அமைக்கும் முறைக்கு அந்தப் பெயர். அமெரிக்காவின் பெர்க்லி சர்வகலாசாலையில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கேட்ஸ் ஆகிய மூவர் 1988-ல் வெளியிட்ட கட்டுரை இதற்குப் பெயர் சூட்டியது.

டிஸ்க் கெடுவதில் இருந்து ரெய்டு காப்பாற்றும். மனிதன் தவறாக அழிப்பதில் இருந்து காப்பாற்றாது. ஒரு போல்டரை அழித்தால் இரண்டு டிஸ்கிலும் ஒரே நொடியில் அழியும். இடி, திருட்டு, வெள்ளம் ஆகியவற்றுக்கும் அது பதில் அல்ல.

பெரிய கம்பெனிகளுக்கே இந்தப் பாடம் எளிதில் வரவில்லை. 'டாய் ஸ்டோரி 2' என்ற கார்ட்டூன் படத்தை அமெரிக்காவின் பிக்சார் கம்பெனி தயாரித்துக்கொண்டிருந்தபோது, 1998-ல் யாரோ தவறாகக் கொடுத்த ஒரு கட்டளையால் படத்தின் பைல்கள் மளமளவென்று அழியத் தொடங்கின. பெரும்பகுதி போய்விட்டது. நகல் இருக்கிறதே என்று எடுத்துப் பார்த்தால், அந்த நகல் முறையும் சரியாக வேலை செய்யாமல் இருந்திருக்கிறது! குழந்தை பெற்று வீட்டில் இருந்தபடி வேலை செய்த கேலின் சூஸ்மன் என்ற அதிகாரியின் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு நகல் இருந்தது. அந்தக் கம்ப்யூட்டரைப் பத்திரமாக ஆபீசுக்கு எடுத்து வந்து மீட்டார்கள். படம் 1999-ல் வெளிவந்தது. கோடிக்கணக்கில் செலவிட்ட ஸ்டூடியோவைக் காப்பாற்றியது, வேறு கட்டிடத்தில் இருந்த ஒரு நகல்.

பழைய பெட்டியை மாற்றாமலே ஓட்டிக்கொண்டிருப்பதும் ஆபத்துதான். வெஸ்டர்ன் டிஜிட்டல் கம்பெனியின் 'மை புக் லைவ்' என்ற வீட்டு சேமிப்புப் பெட்டிக்கு 2015-ம் ஆண்டோடு மென்பொருள் திருத்தங்கள் நின்றுவிட்டன. பலர் அதை இன்டர்நெட்டில் இணைத்தபடியே வைத்திருந்தனர். 2021 ஜூன் மாதத்தில் ஒருநாள், உலகின் பல பாகங்களில் அந்தப் பெட்டிகள் தாமாகவே காலியாகின. வெளியில் இருந்து நுழைந்தவர்களின் கைவரிசை அது. உடனே இன்டர்நெட் இணைப்பைத் துண்டிக்கும்படி கம்பெனி அறிவித்தது. பல வருஷப் படங்கள் போனது போனதுதான் என்று கண்ணீர் விட்டவர்கள் பலர்.

அமெரிக்கப் புகைப்படக்காரர் பீட்டர் க்ரோ சொன்ன 3-2-1 என்ற கணக்கு இதற்கு நல்ல மருந்து. எதுவானாலும் மூன்று பிரதிகள். இரண்டு விதமான சாதனங்களில். ஒன்று வேறு ஊரில். இரண்டு ஊர்க் குடும்பங்களுக்கு மூன்றாவது விதி கஷ்டமே அல்ல. பெங்களூரில் வாடகை அறை இருக்கிறது. குடுபல்லியில் வீடு இருக்கிறது. பெட்டி ஓர் ஊரில் இருந்தால், நகல் எடுத்த வெளி டிஸ்க் ஒன்று மறு ஊர் பீரோவில் துணியில் சுற்றி இருக்கட்டும். பிழைப்புக்காக இரண்டாகப் பிரிந்த வீடு, இந்த ஒரு விஷயத்தில் பலம்.

மாற்றும் நாள்

மாற்றும் வேலையைச் சனிக்கிழமை காலையில் தொடங்குவது உத்தமம். ராத்திரி ரெயிலுக்குப் போகும் அவசரத்தில் தொடக்கூடாது. நான்கு டெராபைட் உள்ள பெட்டியை வீட்டு கேபிள் வழியாக நகல் எடுக்கவே சுமார் 10 மணி நேரம் ஆகும். ஆகவே நகல் எடுக்கும் வேலை முந்தின வாரமே முடிந்திருக்கவேண்டும்.

செய்யவேண்டியவை வரிசைப்படி:

1. படம், பத்திரம் அனைத்துக்கும் வெளி டிஸ்கில் ஒரு முழு நகல். அதில் சிலவற்றை வேறு கம்ப்யூட்டரில் திறந்து பார்க்கவேண்டும். திறந்து பார்க்காத நகல், நகல் அல்ல.

2. செட்டிங் பைலை இறக்கி, பென் டிரைவில் ஒன்று, போனில் ஒன்று. அந்தப் பெட்டியிலேயே வைப்பது, சாவியை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டுவது போன்றது.

3. ஒரு நோட்டில் கையால் எழுதும் சார்ஜ் லிஸ்ட்: கணக்குகளின் பெயர், அவற்றின் நம்பர், போல்டர்கள், யாருக்கு எது, ஐ.பி. நம்பர், பூட்டுச் சாவி நம்பர், மென்பொருளின் பதிப்பு எண். செட்டிங் பக்கங்களைப் போனில் படம் பிடித்தும் வைக்கலாம்.

4. முறைப்படி 'ஷட் டவுன்' செய்து, பிளக்கைப் பிடுங்கி, ஒவ்வொரு டிஸ்கிலும் 1, 2, 3, 4 என்று சீட்டு ஒட்டி, சீரியல் நம்பரையும் குறித்து, பிறகு கழற்றுதல். கழற்றும் முன் இரும்புப் பகுதியைத் தொட்டு உடம்பில் உள்ள நிலை மின்சாரத்தை இறக்கிவிடவேண்டும்.

5. புதுப் பெட்டியில் அதே வரிசையில் மாட்டுதல். பார்மேட், இனிஷியலைஸ், எரேஸ், கிரியேட் ஆகிய நான்கு சொற்களில் எது திரையில் வந்தாலும் கையை எடுத்துவிட்டு யோசிக்கவேண்டும்.

6. ஒரு நாளில் ஒரு மாற்றம் மட்டும். பெட்டியும் மாற்றி, டிஸ்கும் மாற்றி, மென்பொருளையும் மாற்றினால், கோளாறு வந்தபோது எதனால் வந்தது என்று தெரியாது.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் புது மென்பொருள் "டிஸ்க் அமைப்பையும் புதுப்பிக்கலாமே" என்று ஆசை காட்டும். ட்ரூநாஸ் பயன்படுத்தும் இசட்.எப்.எஸ். முறையில் அதைச் செய்துவிட்டால் பழைய பதிப்புக்குத் திரும்பும் வழி அடைபட்டுவிடும். சில வாரம் பொறுத்து, திருப்தி ஏற்பட்ட பிறகு செய்யலாம்.

கையெழுத்துப் போடும் முன் சரிபார்ப்பு

சார்ஜ் எடுப்பவர் லிஸ்டைப் பார்த்துச் சரி சொல்வது போல, இங்கேயும் சரிபார்ப்பு உண்டு. வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் தம் கணக்கில் நுழைந்து பார்க்கவேண்டும். பழைய வருஷத்துப் படம் ஒன்று, நடு வருஷத்துப் படம் ஒன்று, போன வாரப் படம் ஒன்று, ஒரு பத்திரம், ஒரு வீடியோ என்று திறந்து பார்க்கவேண்டும். புதிதாக ஒரு படம் போட்டு, அது நிற்கிறதா என்று காணவேண்டும். மறுநாள் காலையில், இரவு நகல் வேலை நடந்ததா என்றும் பார்க்கவேண்டும். நேரக் கணக்கு செட்டிங் பறிபோயிருந்தால் நகல் எடுப்பது சத்தமில்லாமல் நின்றிருக்கும். தேவைப்படும் நாளில்தான் அது தெரியவரும்.

பழைய டிஸ்குகளைப் புதியவற்றுக்கு மாற்றியிருந்தால், ஒரு மாதமாவது அவற்றைத் தொடாமல் வைத்திருப்பது நலம். பிறகு விற்பதானால் முழுவதும் அழித்துவிட்டே விற்கவேண்டும். ஆதார், பான் கார்டு, பேங்க் பாஸ்புத்தகம் எல்லாம் படமாக அதில் இருந்தவை அல்லவா? மேலோட்டமாக அழித்ததை மீட்டெடுக்கும் வித்தை இன்று எளிது.

இன்னும் ஒன்று. இந்தப் பெட்டியை அமைத்தது வேலைக்குப் போன மகனாகவோ மகளாகவோ இருக்கும். பாஸ்வேர்டு அவர் தலையில் இருக்கும். ஊரில் இருக்கும் அம்மாவுக்கு அவசரமாக ஆஸ்பத்திரிக் காகிதம் தேவைப்படும் நேரத்தில், மகன் ஷிப்டில் இருந்தால்? ஆளே தொலைதூர நாட்டுக்குப் போயிருந்தால்? ஆகவே சார்ஜ் லிஸ்ட் எழுதிய அந்த நோட்டு, ஊர் வீட்டு பீரோவில் பத்திரங்களோடு இருக்கவேண்டும். அது இருக்கும் இடம் வீட்டில் இன்னொருவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். அம்மாவுக்குப் புரியும் மொழியில், இந்தப் பொத்தான், இந்தப் பெயர், இந்த எழுத்து என்று எழுதியிருந்தால் இன்னும் நல்லது.

பெட்டிகள் பழசாகும். இன்று வாங்குவதும் சில வருஷங்களில் எஸ்.பி. ரோட்டுக் குவியலில் சேரும். அடுத்த மாற்றலும் வரும். நோட்டின் முதல் பக்கத்தில் தேதி போட்டு, பெட்டியில் ஏதாவது மாற்றும் ஒவ்வொரு தடவையும் ஒரு வரி சேர்த்து வந்தால், அன்றைக்குப் புதிதாக எழுத வேண்டியது எதுவும் இராது.